மேக்கா, விண்டோஸா? புதுவை, கடலூர் பக்கம் டிசைன், வீடியோ, வரைபட வேலை செய்பவர்களுக்கான லேப்டாப் வழிகாட்டி

"அண்ணா, மேக் வாங்கட்டுமா, விண்டோஸ் வாங்கட்டுமா?" என்று கேட்கும் தம்பி தங்கைகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முடித்த வேலையை யார் கையில் கொடுக்கப்போகிறீர்கள்? லாரன்ஸ் ரோட்டு அச்சகத்திலா, ஆல்பம் அடிக்கும் லேபிலா, ஆரோவில்லில் இருக்கும் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்திலா, அல்லது நேராக யூடியூபில் ஏற்றப்போகிறீர்களா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படிக்கிறவருக்கும், திருப்பாதிரிப்புலியூரில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவருக்கும், ஒயிட் டவுனில் ப்ரீ வெட்டிங் ஷூட் எடுக்கிறவருக்கும் ஒரே லேப்டாப்பைச் சொல்ல முடியாது. அதனால் இங்கே மாடல் பெயர்களை வரிசையாக அடுக்கப்போவதில்லை. மாடல் வருடத்துக்கு ஒன்று மாறும். எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பது மாறாது: முதலில் வேலை, அப்புறம் மென்பொருள், அப்புறம் திரை, கடைசியில்தான் கம்பெனி. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அதில்தான் காசு வீணாகிறது.

படி 1: கோப்பு யாரிடம் போகிறது என்று எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் நீங்கள் செய்யும் வேலை. இரண்டாவதில் அதற்கான மென்பொருள். மூன்றாவதில் அந்தக் கோப்பை உங்களுக்குப் பிறகு யார் திறக்கிறார்கள் என்பது. மூன்றாவது பத்திதான் முக்கியம்.

சில மென்பொருள்கள் ஒரே பக்கம்தான் ஓடும். வீடியோ எடிட்டிங்குக்கான எடியஸ், முப்பரிமாண, கட்டட வேலைக்கான த்ரீடிஎஸ் மேக்ஸ், ரெவிட், லூமியான் ஆகியவை விண்டோஸுக்கு மட்டும். ஃபைனல் கட் ப்ரோ, லாஜிக் ப்ரோ இரண்டும் மேக்குக்கு மட்டும். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன், ப்ரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், டாவின்சி ரிசால்வ், பிளெண்டர் எல்லாம் இரண்டிலும் உண்டு. கோரல்டிரா 2019 முதல் மறுபடியும் மேக்குக்கு வருகிறது. இசை மென்பொருளான எஃப்.எல். ஸ்டுடியோ 2018 முதல் மேக்கிலும் ஓடுகிறது. ஆட்டோகேட் இரண்டிலும் இருந்தாலும் மேக் பதிப்பில் வசதிகள் குறைவு.

நம் பக்கத்துக் கல்யாண ஸ்டுடியோக்களில் மிக்ஸிங் என்றால் பல இடங்களில் இன்னும் எடியஸ்தான். அந்த ஸ்டுடியோக்களிடம் ஜாப் ஒர்க் வாங்கி, ப்ராஜெக்ட் கோப்பையே திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் மேக் பற்றி யோசிக்கவே வேண்டாம். நீங்களே எடுத்து, நீங்களே எடிட் செய்து, கடைசி வீடியோவை மட்டும் கொடுப்பவராக இருந்தால் எந்தப் பக்கமும் போகலாம்.

கட்டடக்கலை படிக்கிறவர்களுக்கு என் பதில் தயக்கமில்லாமல் விண்டோஸ். ஆரோவில்லைச் சுற்றி ஆர்க்கிடெக்ட் அலுவலகங்கள் நிறைய. அங்கே இன்டர்ன்ஷிப் போகிற பிள்ளைகளுக்கு ஸ்கெட்சப்போடு மட்டும் வேலை முடியாது. ரெவிட் கேட்பார்கள், லூமியான் கேட்பார்கள். லூமியானுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம் வேண்டும். "மேக்கிலேயே விண்டோஸ் போட்டுக்கொள்ளலாமே" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்டெல் சிப் இருந்த காலத்து மேக்கில் பூட் கேம்ப் என்ற வசதி இருந்தது. 2020 நவம்பரில் எம்1 வந்த பிறகு, ஆப்பிள் சிப் மேக் எதிலும் அது கிடையாது. மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் போன்ற மென்பொருள்களில் ஓடுவது ஏ.ஆர்.எம். வகை (இன்டெல், ஏ.எம்.டி. அல்லாத சிப்புக்கான) விண்டோஸ். சின்னச் சின்ன மென்பொருளுக்கு அது போதும். கனமான ரெண்டரிங்குக்கு அதை நம்பிப் பணம் போடக்கூடாது.

பாட்டு, இசை செய்கிறவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. லாஜிக் ப்ரோதான் வேண்டும் என்றால் மேக். இல்லையென்றால் இரண்டுமே சரி. ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு டிரைவர் கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ்? ஓவியத்துக்குக் கிரிட்டா, வெக்டருக்கு இங்க்ஸ்கேப், முப்பரிமாணத்துக்குப் பிளெண்டர். இவை மூன்றும் நிஜமாகவே தரமான கருவிகள், இலவசம். படிக்கிற காலத்தில் கையில் காசில்லை என்பதற்காகக் கள்ளப் பதிப்பைப் போட்டுக்கொண்டு வைரஸோடு மல்லுக்கட்டுவதைவிட இது நல்ல வழி. ஆனால் அடோபி மென்பொருள்கள் லினக்ஸில் வராது. டாவின்சி ரிசால்வ் வரும், ஆனால் அதன் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 வீடியோக்களை ஏற்காது. சாதாரண கேமராவிலும் போனிலும் எடுப்பதெல்லாம் அந்த வகைதான் என்பதால் வீடியோ ஆட்களுக்கு அது பெரிய இடைஞ்சல்.

பக்கம் மாறப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: அடோபி சந்தா ஒன்றை இரண்டு கணினிகளில் ஆக்டிவேட் செய்யலாம். ஒன்று மேக், ஒன்று விண்டோஸ் என்றாலும் தடையில்லை. எஃப்.எல். ஸ்டுடியோ உரிமமும் இரண்டுக்கும் பொது.

படி 2: தமிழ் எழுத்து வேலையா? இங்கே நின்று நிதானியுங்கள்

ஆங்கிலத்தில் லேப்டாப் ஒப்பீடு செய்யும் எந்த வீடியோவும் இதைச் சொல்லாது. பத்திரிகை, நோட்டீஸ், ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், புத்தகம் என்று தமிழில் அச்சு வேலை செய்கிறவர்களுக்கு ப்ராசஸரைவிட முக்கியமான விஷயம் இது.

நம் அச்சகங்களில் இரண்டு உலகம் உண்டு. ஒன்று யூனிகோட் உலகம். போனில் தட்டுவதும், வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் அனுப்புவதும் அதுதான். இன்னொன்று பாமினி, ஸ்ரீலிபி, டேப், டேம் என்று பழைய எழுத்துருக்களின் உலகம். பாமினியில் அடித்த ஒரு வரியை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாகத் தெரியும். ஏனென்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான். மேலே தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் வேலை கொடுக்கும் அச்சகம் இந்த இரண்டாவது உலகத்தில் இருந்தால் விண்டோஸே நல்லது. அழகி, என்.எச்.எம். ரைட்டர் போன்ற தட்டச்சுக் கருவிகள் விண்டோஸை வைத்துத்தான் உருவாகிப் பழகியிருக்கின்றன. சில பழைய தமிழ் மென்பொருள்கள் யூ.எஸ்.பி. டாங்கிள் (உரிமத்தைக் காட்டும் சின்னச் சாவி) போட்டால்தான் ஓடும். இன்னும் பேஜ்மேக்கரில் வைத்திருக்கும் கோப்புகளும் உண்டு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வெளிவந்தது 2001-இல். இன்டிசைனின் சி.எஸ்.6 வரைக்கும்தான் அந்தக் கோப்புகளைத் திறக்க முடியும். இன்றைய இன்டிசைன் அவற்றைத் தொடாது. பத்து, பதினைந்து வருடத்து வேலையைப் பேஜ்மேக்கரில் வைத்திருக்கும் அச்சகத்தோடு உங்கள் பிழைப்பு ஓடுகிறது என்றால், அங்கே இருக்கும் அண்ணன் எதில் வேலை செய்கிறாரோ அதற்கு ஒத்துப்போகிற கணினிதான் உங்களுக்குச் சரி.

விண்டோஸிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2024 நடுவிலிருந்து ஸ்நாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்கள் நிறைய வருகின்றன. பேட்டரி நன்றாக நிற்கும், எடை குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் அவை ஏ.ஆர்.எம். வகை. பழைய மென்பொருளை அவை எப்படியோ ஓட்டிவிடும், பழைய டிரைவரை ஏற்காது. டாங்கிளுக்கும், பழைய ஸ்கேனருக்கும், வினைல் வெட்டும் கட்டர் மெஷினுக்கும் டிரைவர் வேண்டும். அச்சகத் தொழிலில் இருப்பவர்கள் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. சிப் போட்டதாகவே கேட்டு வாங்குங்கள்.

யூனிகோட் உலகத்தில் மட்டும் இருப்பவர்களுக்கு மேக்கும் விண்டோஸும் சமம். தமிழ்99 விசைப்பலகையும் அஞ்சலும் மேக்கில் உள்ளேயே இருக்கின்றன. இணைமதி எழுத்துரு பல வருடமாக அதோடுதான் வருகிறது. விண்டோஸிலும் இப்போது தமிழ்99 உள்ளேயே உண்டு.

எதை வாங்கினாலும் அடோபியில் ஒரு அமைப்பை மாற்றியே ஆக வேண்டும். இன்டிசைனில் பத்தி அமைப்புக்குள் போய் வேர்ல்ட் ரெடி கம்போஸர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பிலும் டைப் அமைப்பில் அதே வேர்ல்ட் ரெடி உண்டு. இதைச் செய்யாவிட்டால் 'கொ' என்று அடித்தால் ககரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். "தமிழே வரவில்லை, இந்த மேக் சரியில்லை" என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்களின் சிக்கலில் பாதி இந்த ஒரு அமைப்புதான்.

கடைக்குப் போகும்போதோ நண்பரின் கணினியில் முயன்று பார்க்கும்போதோ இந்தச் சொற்களை அடித்துப் பாருங்கள்: கௌசல்யா, லக்ஷ்மி, ஸ்ரீனிவாசன், கோவிந்தராஜுலு, பெரியோர்கள். கல்யாணப் பத்திரிகையில் தவறாமல் வரும் கொம்பு, க்ஷ, ஸ்ரீ, ஜு எல்லாம் இதில் அடங்கிவிடும். நீங்கள் வழக்கமாகப் போடும் எழுத்துருவிலேயே அடியுங்கள். இது அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளுக்கும் பொருந்தும். கேன்வா நிறுவனம் 2025 அக்டோபரில் அதை இலவசமாக்கிவிட்டது. ஆங்கில வடிவமைப்புக்கு அருமையான கருவி. தமிழ் வேலைக்கு அதை நம்புவதற்கு முன்னால் இந்த ஐந்து சொற்களையும் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

படி 3: வீடியோ என்றால் கேமராவிலிருந்து தொடங்குங்கள்

"எடிட்டிங்குக்கு நல்ல லேப்டாப்" என்று கடையில் கேட்டால் கேமிங் லேப்டாப்பைக் காட்டுவார்கள். சில நேரம் அது சரியான பதில், சில நேரம் இல்லை. உங்கள் கேமரா எந்த வகைக் கோப்பைப் பதிவு செய்கிறது என்பதைப் பொறுத்தது.

புதிய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் எச்.265, 4:2:2, 10 பிட் என்ற வகை உண்டு. நிறத்தைத் திருத்த நிறைய இடம் கொடுக்கும், அதனால் கல்யாணத்துக்கு இதை விரும்பி வைக்கிறார்கள். ஆனால் இந்த வகையைத் தடங்கலில்லாமல் ஓட்ட, சிப்புக்குள்ளேயே அதற்கென்று தனிப் பகுதி இருக்க வேண்டும். ஆப்பிள் சிப்களில் அது எம்1 முதலே இருக்கிறது. இன்டெல்லில் 11-ஆம் தலைமுறை முதல், சிப்போடு வரும் சாதாரண கிராஃபிக்ஸிலேயே இருக்கிறது. என்விடியாவிலோ ஆர்.டி.எக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. அதாவது விலை உயர்ந்த ஆர்.டி.எக்ஸ் 4060 கார்டோடு ஏ.எம்.டி. ப்ராசஸர் சேர்ந்த லேப்டாப்பில் டைம்லைன் திக்கித் திக்கி ஓடும். அதைவிட விலை குறைந்த இன்டெல் லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு போகும். விலைப்பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது.

ஏற்கெனவே ஏ.எம்.டி. வாங்கிவிட்டீர்களா? கவலை வேண்டாம். ப்ராக்ஸி, அதாவது அதே வீடியோவின் எடை குறைந்த பிரதி, உருவாக்கிக்கொண்டு எடிட் செய்யுங்கள். கொஞ்சம் நேரமும் இடமும் போகும், வேலை நிற்காது.

அடுத்தது விசிறி. மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. ரீல்ஸ், ஐந்து நிமிட ஹைலைட்ஸ் வேலைக்கு அது ஒரு குறையே இல்லை, சத்தமில்லாமல் முடித்துக் கொடுத்துவிடும். ஆனால் நம் ஊர்க் கல்யாண வீடியோ ஐந்து நிமிடத்தில் முடிகிறதா? நலங்கிலிருந்து மறுவீடு வரை இரண்டு, மூன்று மணி நேர முழு வீடியோவும் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அதை எக்ஸ்போர்ட் போட்டால் சூடு ஏற ஏற ஏர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில், ஏசி இல்லாத மாடி அறையில் இது நன்றாகவே தெரியும். முழுநேரமாகக் கல்யாண வீடியோ செய்கிறவர்கள் மேக் பக்கம் போவதானால் விசிறி உள்ள மேக்புக் ப்ரோவைப் பாருங்கள். அதில் எஸ்.டி. கார்டு ஸ்லாட்டும் எச்.டி.எம்.ஐ.யும் இருக்கின்றன. ஏரில் இரண்டும் கிடையாது.

விண்டோஸ் பக்கம் கிராஃபிக்ஸ் கார்டின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அது எத்தனை வாட்டில் ஓடுகிறது என்று கேளுங்கள். லேப்டாப்பில் வரும் ஆர்.டி.எக்ஸ் 4060 கார்டை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதிலும் அமைக்கலாம். பெட்டியில் ஒரே பெயர்தான் போட்டிருக்கும், வேகம் ஒன்றாக இருக்காது. கம்பெனியின் இணையப் பக்கத்தில் டி.ஜி.பி. என்ற பெயரில் இந்த எண் இருக்கும். பிளெண்டரில் ரெண்டர் செய்கிறவர்களுக்கு இந்த ஒரு எண்ணே பெரிய வித்தியாசம். முப்பரிமாண ரெண்டரிங்கில் என்விடியாவுக்குத்தான் இன்னும் கை ஓங்கியிருக்கிறது. மேக்கிலும் 2022 முதல் பிளெண்டர் ஜி.பி.யூ.வைப் பயன்படுத்துகிறது. ஆனாலும் அதே காசுக்கு என்விடியா வேகமாக முடித்துக் கொடுக்கும்.

படி 4: திரையைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்

என் மனசுக்கு மிக நெருக்கமான படி இதுதான். ப்ராசஸர் மெதுவாக இருந்தால் காத்திருந்தாவது வேலையை முடிக்கலாம். திரை பொய் சொன்னால் நீங்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் தவறாகப் போகும்.

விலை குறைந்த விண்டோஸ் லேப்டாப்களின் விவரத்தில் "45% என்.டி.எஸ்.சி." என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். இணையத்துக்கும் பெரும்பாலான ஆல்பம் லேபுகளுக்கும் அடிப்படையான எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தத் திரை காட்டும். அந்த வரியைப் பார்த்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள், கார்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி. உங்களுக்கு வேண்டியது "100% எஸ்.ஆர்.ஜி.பி." அல்லது அதற்கு மேல் டி.சி.ஐ. பி3. வெளிச்சம் குறைந்தது 300 நிட்ஸ். மேக்கில் இந்தக் கவலை இல்லை. இன்று விற்கும் ஏரிலும் ப்ரோவிலும் நிறம் ஒழுங்காக இருக்கும். விண்டோஸில் சில மாடல்களில் ஓ.எல்.ஈ.டி. திரை அருமையாக வருகிறது. ஆனால் ஒரே பெயருள்ள மாடலை இரண்டு விதத் திரையோடு விற்பார்கள். மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை சரிபாருங்கள்.

காகிதத்தில் இருக்கும் எண்ணோடு நிறுத்தாமல், பென்டிரைவில் உங்கள் படங்களைக் கொண்டுபோங்கள். நம் ஊரிலேயே இதற்கு நல்ல பரீட்சை இருக்கிறது. ஒயிட் டவுனில் மஞ்சள் சுவரும் வெள்ளை விளிம்பும் உள்ள ஒரு வீட்டின் முன் எடுத்த படம். அதே தெருவில் ஆசிரமத்துக் கட்டடத்தின் சாம்பல் சுவரின் முன் எடுத்த படம். அரக்குப் பட்டுப் புடவையை நெருக்கத்தில் எடுத்த படம். இந்த மூன்றும் போதும்.

மட்டமான திரையில் அந்த மஞ்சள் சுவர் வெளிறி, கொஞ்சம் பச்சை தட்டித் தெரியும். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் மஞ்சளைக் கூட்டுவீர்கள். ஆல்பம் அடித்து வந்தால் சுவர் ஆரஞ்சாக நிற்கும், பொண்ணு முகம் மஞ்சள் பூசியது போல் இருக்கும். சாம்பல் சுவரில் நீலமோ சிவப்போ கலந்து தெரிந்தால் அந்தத் திரைக்கு ஒரு சாய்வு இருக்கிறது என்று அர்த்தம். அரக்குப் புடவையில் மடிப்புக்கு மடிப்பு நிறம் இறங்கி ஏறுவது தெரிய வேண்டும். எல்லாம் ஒரே கறுஞ்சிவப்புத் திட்டாகத் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

"தம்பி, கொஞ்சம் திரை வெளிச்சத்தை முழுசா வைங்க, நைட் லைட் ஆஃப் பண்ணுங்க" என்று கடைப் பையனிடம் சொல்லிவிட்டுப் பாருங்கள். நைட் லைட் ஓடிக்கொண்டிருந்தால் எல்லாத் திரையும் மஞ்சளாகத்தான் தெரியும். கையிலிருக்கும் போனிலும் அதே படத்தைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். லேப்டாப்பை இடது வலமாகச் சாய்த்துப் பார்க்கும்போது நிறம் மாறக்கூடாது.

அச்சு வேலையே முழுநேரத் தொழில் என்றால், திரைக்கு நிறம் அளந்து சரிசெய்யும் கேலிப்ரேட்டர் கருவி ஒன்று வாங்குங்கள். ஒரே கருவியை நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றிலும் பயன்படுத்தலாம்.

படி 5: ரேமும் இடமும்

16 ஜி.பி. ரேமுக்குக் கீழே இன்று எதையும் வாங்க வேண்டாம். ஆப்பிளே 2024 அக்டோபரிலிருந்து ஏரை 16 ஜி.பி.யில்தான் தொடங்குகிறது. 4கே எடிட்டிங், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், ரெவிட், பெரிய பிளெண்டர் காட்சி என்றால் 32.

மேக்கில் வாங்கும் நாளில் எடுப்பதுதான், பின்னால் ரேம் கூட்டவே முடியாது. விண்டோஸில் சிலவற்றில் ஸ்லாட் இருக்கும், மெல்லிய மாடல்கள் பலவற்றில் போர்டிலேயே சோல்டர் செய்திருக்கும். "ரேம் ஸ்லாட் காலியா இருக்கா, ஆன்போர்டா?" என்று கேளுங்கள். ஸ்லாட் இருந்தால் இன்று 16 வாங்கி, வேலை வரும்போது கூட்டிக்கொள்ளலாம். கையில் காசு குறைவாக இருந்து தொழில் தொடங்குகிறவர்களுக்கு விண்டோஸ் தரும் பெரிய சலுகை இது.

இடத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். முந்தின நாள் ரிசப்ஷனும் மறுநாள் முகூர்த்தமும் சேர்த்து இரண்டு கேமராவில் ஆளுக்கு 5 மணி நேரம் ஓடினால் 450 ஜி.பி. ஒரே கல்யாணம். ஏரின் ஆரம்ப மாடலில் 256 ஜி.பி. இருந்தால் இதற்கு எப்படிப் போதும்? லேப்டாப்பில் 512 ஜி.பி. வைத்துக்கொண்டு, எடிட்டிங்குக்கு 10 ஜிகாபிட் வேக யூ.எஸ்.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று, சேமிப்புக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க் இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆப்பிளிடம் உள்ளேயே 1 டி.பி., 2 டி.பி. என்று ஏற்றிக்கொண்டு போனால் விலை தாங்காது.

இரண்டு பக்கமும் கோப்பு போய்வர வேண்டுமானால் வெளி டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸ் டிஸ்க்குகள் பெரும்பாலும் என்.டி.எஃப்.எஸ். மேக் அதைப் படிக்கும், அதில் எழுதாது. மேக்கின் ஏ.பி.எஃப்.எஸ். டிஸ்க்கை விண்டோஸ் திறக்கவே திறக்காது. எக்ஸ்ஃபேட்டில் ஒரு எச்சரிக்கை: இஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் கோப்பு கெட வாய்ப்பு அதிகம். அதனால் ஒரே பிரதியை அதில் வைத்துக்கொண்டு தூங்கப் போகாதீர்கள்.

படி 6: இது கடலோர ஊர்

வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று தெரியும். அதே உப்புக்காற்றுதான் லேப்டாப்புக்குள்ளும் போகிறது. விசிறி பலமாக ஓடும் கேமிங் லேப்டாப் அந்தக் காற்றை நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. ஏர் இழுப்பதில்லை. கடலை ஒட்டிய வீட்டில் இருப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கலாம். எதுவானாலும் ஜன்னல் ஓரம் மேசை போடாதீர்கள். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பைக்குள் வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை திறந்து தூசி தட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது மின்சாரம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதை மறக்க முடியாது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பேட்டரியில் ஓடும்போதும் மேக்கின் வேகம் குறைவதில்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள விண்டோஸ் லேப்டாப்கள் சார்ஜரைக் கழற்றியவுடன் வேகத்தைப் பாதியாகக்கூடக் குறைத்துக்கொள்ளும். அவற்றின் சார்ஜரே 180, 240 வாட் என்று இருக்கும், வீட்டு இன்வெர்ட்டருக்கு அது ஒரு சுமை. ஏர் 30 வாட்டிலேயே சார்ஜ் ஆகும், நல்ல பவர் பேங்க் இருந்தால் அதுவே போதும். கல்யாண மண்டபத்திலும் பீச் ஷூட்டிலும் வைத்து வேலை பார்க்கிறவர்களுக்கு மேக் பக்கம் சாய இதுவே போதுமான காரணம்.

சர்வீஸைப் பற்றி வாங்கும் முன்னாலேயே தெளிவாகக் கேளுங்கள். விண்டோஸ் கம்பெனிகள் பலவற்றில் ஆன்சைட் வாரன்டி கிடைக்கும், ஆள் வீட்டுக்கே வந்து பார்ப்பார். "எங்கள் பின்கோடுக்கு வருவீங்களா?" என்று கஸ்டமர் கேருக்கே போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கடைக்காரர் வாக்கு போதாது. பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மேக் என்றால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் உங்களுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, பழுது பார்க்க மெஷினைச் சென்னைக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். முகூர்த்த மாதத்தில் பத்து நாள் லேப்டாப் இல்லாமல் இருக்க முடியுமா என்பதுதான் இதில் கேள்வி.

படி 7: காசு

எம்4 ஏர் 2025 மார்ச்சில் ரூ. 99,900-க்கு அறிமுகமானது, மாணவர்களுக்கு ரூ. 89,900. 14 அங்குல எம்4 மேக்புக் ப்ரோ ரூ. 1,69,900-இல் தொடங்கியது. ஒரு லட்சத்துக்கு அருகில் விண்டோஸில் நல்ல திரையும் நடுத்தர என்விடியா கார்டும் கிடைக்கும். அந்த ஒரு லட்சத்தை யாருக்கு எதில் போடச் சொல்வேன்? ஃபோட்டோ, ரீல்ஸ், ஓவியம், ஹைலைட்ஸ் செய்கிறவருக்கு ஏர். கட்டடக்கலை, முப்பரிமாணம், எடியஸ், பழைய தமிழ் அச்சு வேலைக்கு விண்டோஸ். அறுபதாயிரம்தான் கையில் இருக்கிறது என்றால் தரமான திரை உள்ள சாதாரண இன்டெல் விண்டோஸ் லேப்டாப் வாங்கி, ரேமைக் கூட்டுங்கள். மட்டமான திரையோடு பெரிய கார்டு வேண்டாம்.

பழசு வாங்குகிறவர்கள் இன்டெல் மேக்கை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும். டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி மேக் ஓ.எஸ். என்று ஆப்பிள் 2025 ஜூனிலேயே சொல்லிவிட்டது. எம்1 ஏர் நல்ல நிலையில் கிடைத்தால் படிக்கிறவர்களுக்கு இன்னும் போதும். வாங்கும்போது விற்பவர் கண்முன்னாலேயே தன் ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறி, முழுதாக அழித்து, புதிதாகத் தொடங்கிக் காட்ட வேண்டும். ஆக்டிவேஷன் லாக் விழுந்த, அதாவது பழைய உரிமையாளரின் கணக்கோடு பூட்டிக்கொண்ட மேக் எதற்கும் உதவாது. பேட்டரி சைக்கிள் கணக்கையும் பாருங்கள், மேக்புக் பேட்டரிக்கு 1,000 சைக்கிள் வரை கணக்கு. விண்டோஸில் பழசு என்றால் விண்டோஸ் 11 ஏறுமா என்று பாருங்கள், இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் பில்லில் தங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள். லேப்டாப்புக்கு வரி 18%. புதுச்சேரியின் மாநிலக் குறியீடு 34, தமிழ்நாட்டின் குறியீடு 33. புதுவையில் பதிவு செய்தவர் கடலூரிலோ சென்னையிலோ வாங்கினால், பில்லில் எந்த வரி போடுகிறார்கள் என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். வரியைத் திரும்ப எடுக்கும்போது அது இடிக்கும்.

படி 8: முதல் வாரம்

பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ எடுங்கள். சீரியல் எண் பெட்டியிலும் பில்லிலும் லேப்டாப்பிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, செத்த புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். உங்களிடம் இருக்கும் பழைய ப்ராஜெக்டுகளில் மிக நீளமானதை ஒரு முறை முழுதாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மதிய வெயிலில், நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் அறையிலேயே செய்யுங்கள். நடுவில் அணைந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் போட்டாலோ, மாற்றித் தரும் நாட்கள் முடிவதற்குள் கடைக்குப் போய்விடலாம். எஸ்.டி. கார்டு, டாங்கிள், பேனா டேப்லெட், பிரிண்டர் என்று எல்லாவற்றையும் ஒரு முறை செருகிப் பாருங்கள். ஏர் வாங்கியவர்கள் வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய பென்டிரைவுக்காக ஒரு யூ.எஸ்.பி. ஹப்பும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பழைய லேப்டாப்பை உடனே விற்றுவிடாதீர்கள். ஒரு முகூர்த்த மாதமாவது பக்கத்தில் இருக்கட்டும். விற்பதற்கு முன்னால் அதிலிருக்கும் எழுத்துருக் கோப்புறையை முழுதாகப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு முன் செய்த பத்திரிகையை "அதே மாதிரி தங்கச்சிக்கும் வேணும்" என்று ஒருவர் வந்து கேட்கும் நாளில் அந்த எழுத்துரு தேவைப்படும்.